எனக்கில்லை, தெரிஞ்ச ஒருத்தருக்கு

நியூயார்க்கின் ப்ரூக்ளினில் யூதர்கள் நெருக்கியடித்து வாழும் எங்கள் போரோ பார்க்கில் ஓர் இனம் உண்டு. கடை நடத்தும், பண்டிகைக்குப் பத்துப் பேரைக் கூப்பிட்டு விருந்து வைக்கும், ஜெபக்கூடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டும். ஆனால் தனக்கென்று யாரிடமும் எதையும் கேட்காது. கேட்பதெல்லாம் பிறருக்காக. அடடா, என்ன தியாகம் என்று கண் கலங்கிவிடாதீர்கள். ‘தெரிஞ்ச ஒருத்தர்’ என்று இவர்கள் சொல்லும் அந்த ஆசாமியை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

இதைச் சொல்ல எனக்கென்ன தகுதி? இருக்கிறது. நான் வடக்கே மலைப்பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன்; எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்; குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருவதில் பட்டம் வாங்கி, இங்கே யெஷிவா எனப்படும் எங்கள் மதப்பள்ளிகள் மூன்றில் வேலை பார்க்கிறேன். பட்டம் வாங்கியவனுக்குச் சட்டமும் தெரியும், பல்வலிக்கு மருந்தும் தெரியும், குளிர்பதனப் பெட்டி ஏன் உறுமுகிறது என்பதும் தெரியும் என்று இந்தத் தெரு நம்புகிறது. நானும் மறுத்ததில்லை. போதாததற்கு நான் வெளியூரான். இங்கே எனக்கு மாமியாரும் இல்லை, மச்சானும் இல்லை. என்னிடம் சொன்னது என்னோடு நின்றுவிடும் என்பது அவர்கள் கணக்கு. நான் எழுதுவேன் என்று அவர்களுக்குத் தெரியாது, பாவம்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். வந்ததும் கதவைச் சாத்தும். சாத்திய கதவைத் திறந்து, வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்து, மறுபடி சாத்தும். வானிலை பற்றி இரண்டு வார்த்தை, என் கல்யாணம் எப்போது என்று ஒரு வார்த்தை. பிறகு தாடியைக் கோதிக்கொண்டு, போகிற போக்கில் ஞாபகம் வந்தது போல, “ஆமா, ஒரு சின்ன விஷயம்” என்று ஆரம்பிக்கும். சின்ன விஷயத்துக்கா இரண்டு முறை கதவைச் சாத்துவார்கள்?

இவர்களில் சிகரம் என்று நான் மதிப்பது ரெப் ஃபிஷல் அவர்களை. ‘ரெப்’ என்பது எங்கள் ‘ஐயா’; மனிதர் விளக்குக் கடைக்காரர். தெருவில் அவர் பேசினால் அடுத்த தெருவில் கேட்கும். அப்படிப்பட்டவர் பிப்ரவரியில் ஒருநாள் என் அறைக்கு வந்து, கொசு காதில் பேசுவது போலப் பேசினார்.

“லெய்பிஷ், ஒரு சின்ன விஷயம். எனக்கில்ல.”

“சொல்லுங்க ரெப் ஃபிஷல்.”

“மான்ஸி ஊர்ல தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு. அவரு பையனுக்கு எட்டு வயசு. எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் வர மாட்டேங்குது. மத்தபடி படு சூட்டிகை. அதுக்கு ஏதாவது வழி இருக்கா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், அந்த மான்ஸிப் பையன் எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தான். பெயர் ஸீஷா. ரெப் ஃபிஷலின் கடைக்குட்டி. காதில் விழுந்ததையெல்லாம் மனப்பாடம் செய்துகொள்ளும் பிள்ளை. காலை ஜெபத்தை ஒரு வரி பிசகாமல் சொல்வான். பக்கத்துப் பையன் பக்கம் திருப்பும்போது தானும் திருப்புவான். அவன் படிக்கிறான் என்றே வெகுநாள் எல்லோரும் நினைத்தார்கள். ஒருநாள் பக்கத்துப் பையன் தவறுதலாக இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்ட, ஸீஷாவும் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினான். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. வரும் வருடம் நான்காம் வகுப்பு. அங்கே ஒவ்வொருவனாக எழுந்து நின்று தனியாக வாசிக்க வேண்டும். பார்த்துப் புரட்டப் பக்கத்தில் ஆள் இருக்காது.

வழி இருந்தது. சர்க்கார் பள்ளியை விட்டுவிட்டு மதப்பள்ளிக்குப் போனால் சர்க்கார் நம் பிள்ளையைக் கைகழுவிவிடும் என்பது இந்தத் தெருவின் நம்பிக்கை. நியூயார்க்கின் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளை எந்தப் பள்ளியில் உட்கார்ந்திருந்தாலும், அவனைச் சோதித்துப் பார்த்து, தேவையென்றால் சிறப்பு ஆசிரியரைக் கொடுக்க வேண்டியது நகரக் கல்வி அலுவலகத்தின் பொறுப்பு. ஆசிரியர் தேவை என்று கேட்டு, பெற்றவர்கள் ஜூன் ஒன்றாம் தேதிக்குள் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். தவறினால் அந்த வருடம் போச்சு. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன்.

“சர்க்கார்கிட்ட போய்க் கையேந்தச் சொல்றியா?” என்றார் ரெப் ஃபிஷல்.

“பனி பெஞ்சா நகரத்து வண்டி வந்து உங்க கடை வாசல்ல அள்ளிட்டுப் போகுதே, அப்ப கையேந்துனீங்களா?”

“எனக்கு எதுக்குப்பா சொல்ற? அது மான்ஸிக்காரர் சமாச்சாரம்.”

அடுத்த மாதம் மறுபடி வந்தார். பையனுக்குக் காலையில் பள்ளிக்கூடம் என்றதும் வயிற்றுவலி வருகிறதாம். ஞாயிறு மத்தியானம் வருவதில்லையாம். சொல்லவே கூசியதாலோ என்னவோ, நண்பர் இதற்குள் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்திருந்தார். ஏப்ரலில், பையன் தன்னை ‘மக்கு’ என்று தானே சொல்லிக்கொண்டு அழுததைச் சொன்னபோது, நண்பர் கடலையும் தாண்டியிருந்தார்.

“ஆன்ட்வெர்ப்ல இருக்காரு” என்றார், கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

“ஆன்ட்வெர்ப்ல இருக்குற பையனுக்கு நியூயார்க் அலுவலகம் எப்படி ரெப் ஃபிஷல் ஆசிரியர் அனுப்பும்?”

அவர் சற்று யோசித்தார். “இங்க வந்துடுவாங்க” என்றார்.

ஏன் இத்தனை ஊர் மாற்றம்? ரெய்ஸலுக்காக. ரெய்ஸல் அவருடைய மூத்த பெண், பத்தொன்பது வயது, வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்களிடையே பெண்ணைப் பார்க்கும் முன் பெண்ணின் குடும்பத்தைத் தொலைபேசியில் பார்த்துவிடுவார்கள். அண்ணன் எங்கே படித்தான், அத்தைக்குச் சர்க்கரை உண்டா, விருந்து மேசையில் என்ன விரிப்பு போடுகிறார்கள் என்றெல்லாம் விசாரணை நடக்கும். தம்பிக்குச் சிறப்பு ஆசிரியர் வருகிறார் என்று ஒரு வார்த்தை கசிந்தால் வரன் நழுவிவிடும் என்று ரெப் ஃபிஷலுக்குப் பயம். அந்தப் பயத்தில் அர்த்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தின் வட்டியை எட்டு வயதுப் பையன் அல்லவா தினமும் காலையில் வயிற்றில் கட்டிக்கொண்டிருந்தான்?

அந்த வருடம் ஜூன் ஒன்றாம் தேதி ஷவுவோஸ் பண்டிகையின் இரண்டாம் நாளில் வந்து விழுந்தது. பண்டிகையில் நாங்கள் பேனா தொட மாட்டோம், அஞ்சல் அனுப்ப மாட்டோம். ஆக, மே முப்பதாம் தேதி சூரியன் மறைவதற்குள் கடிதம் போக வேண்டும். மே முப்பது மத்தியானம் நான் எங்கே இருந்தேன்? தெரு முழுக்க எங்கே இருந்ததோ அங்கே: ரொட்டிக்கடையில், இந்தப் பண்டிகைக்கென்றே வாங்கும் பாலாடைக்கட்டி கேக்குக்கான வரிசையில். எனக்கு முன்னால் பதினோரு பேர். பின்னால் கதவு வரை கூட்டம். அப்போது ரெப் ஃபிஷல் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்து என் கையில் ஒரு தாளைத் திணித்தார்.

“அனுப்பிடு. எல்லாம் எழுதிட்டேன்.”

பிரித்தேன். அழகான கையெழுத்து. ‘மதிப்புக்குரிய அலுவலகத்தாருக்கு, எனக்குத் தெரிந்த ஒருவரின் மகனுக்கு வரும் கல்வியாண்டில் வாசிப்புக்குச் சிறப்பு ஆசிரியர் தேவைப்படுகிறது. வயது: எட்டு. பள்ளி: நல்ல பள்ளி. முகவரி: ப்ரூக்ளின்.’ கீழே கையெழுத்து போடும் இடத்தில்: ‘இப்படிக்கு, ஒரு நலம்விரும்பி.’

“ரெப் ஃபிஷல், பேரு எங்க?”

“மெதுவாப் பேசு!”

“பேரில்லாம யாருக்கு ஆசிரியர் அனுப்புவாங்க? ப்ரூக்ளினுக்கா?”

“நீதான படிச்சவன். பேரில்லாம அனுப்ப ஒரு வழி கண்டுபிடி.” கண்களால் அவர் வரிசையின் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே, நான்கு பேர் தள்ளி, கையில் தொலைபேசியும் இடுப்பில் பையுமாக நின்றிருந்தார் திருமதி டோபா. ரெய்ஸலுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த கல்யாணத் தரகர். “அவ காதுல விழுந்தா என் குடி முழுகிடும்!”

“இன்னிக்கு விட்டா அவனுக்கு ஒரு வருஷம் போகும்.”

“அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்றார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். மனிதர் கெட்டவரில்லை, தரையைப் பார்த்ததிலேயே தெரிந்தது.

அப்போது வரிசையின் முன்னாலிருந்து ஒரு கை நீண்டு, என்னிடமிருந்த தாளை வாங்கியது. அவர் மனைவி ப்ளீமா. காலையிலிருந்து அங்கேதான் நிற்கிறாராம். இவர் வந்ததை அவர் பார்த்தார், அவரை இவர் பார்க்கவில்லை. படித்தார். ‘நலம்விரும்பி’யில் கொஞ்ச நேரம் நின்றார்.

“யாரு ஃபிஷல் இந்த நலம்விரும்பி?”

“ப்ளீமா, வீட்ல பேசிக்கலாம்...”

“வீட்லதான் மூணு வருஷமாப் பேசுறோம். தள்ளுங்க.”

கேக்குப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, கடைக்காரியின் பேனாவை வாங்கி, எழுத எழுத உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார்: பையன் பெயர் ஸீஷா, பிறந்த தேதி இன்னது, படிப்பது இன்ன யெஷிவாவில், வீட்டு எண் இது, தாயார் ப்ளீமா, தகப்பனார் ஃபிஷல், விளக்குக் கடை. விளக்குக் கடையை அலுவலகம் கேட்கவில்லை. கோபத்தில் சேர்த்துவிட்டார்.

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கத்தியால் கேக் அறுக்கும் சத்தம் கூட நின்றுவிட்டது. ரெப் ஃபிஷல் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் தாளைப் படம் பிடித்து அனுப்பினேன். மணி நான்கு நாற்பது. ‘கிடைத்தது’ என்று பதில் வந்தது.

அப்புறம்தான் வேடிக்கை. திருமதி டோபா வரிசையை விட்டு, ஆமாம், பண்டிகைக்கு முந்தின மத்தியானம் கேக் வரிசையில் தன் இடத்தை விட்டுவிட்டு, முன்னால் வந்தார். ரெப் ஃபிஷல் கேக்குப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒதுங்கினார். டோபா அவரைப் பார்க்கவே இல்லை. என் பக்கம் குனிந்தார்.

“தம்பி, அந்தக் கடுதாசி எப்படி எழுதணும்னு எனக்கும் சொல்லிக் குடு. எனக்கில்ல. சொந்தத்துல ஒரு பேரப்பிள்ளை.”

“எத்தனை வயசு?”

“ஏழு. வாய் திறக்கிறதில்ல” என்றவர், ப்ளீமா நீட்டிய பேனாவைப் பார்த்துவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டார். “என் மகளோட பிள்ளைதான்.”

அதன் பிறகு கதவருகில் இருந்த ஒருவர் வந்தார். அப்புறம் இன்னொருவர். சூரியன் மறைவதற்குள் ரொட்டிக்கடையின் காகித உறைகளில் ஐந்து கடிதங்கள் எழுதி அனுப்பினோம். கேக் எனக்குக் கிடைக்கவில்லை.

அக்டோபரில் ஸீஷாவுக்கு ஆசிரியை வந்தார். டிசம்பரில், ஹனுக்கா பண்டிகைக்கு விளக்கேற்றும் நாட்களில் அவன் ஒரு பத்தியை, விரல் வைத்து, திக்கித் திக்கி, யாரையும் பார்க்காமல் வாசித்தான். ரெய்ஸலுக்கு நிச்சயமாகிவிட்டது, நடத்திவைத்தது டோபாதான். ரெப் ஃபிஷலோ இன்று தெருவின் சட்ட மேதை. கடைக்கு விளக்கு வாங்க வருகிறவர்களைக் கூட விடுவதில்லை. “ஜூன் ஒண்ணு, மறந்துடாதீங்க! பேரு போடணும், பேரில்லாம எவனும் குடுக்க மாட்டான். நாங் கண்கூடாப் பார்த்தேன். தெரிஞ்ச ஒருத்தர் பையனுக்குக் கிடைச்சது!”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டே வரும்போது, இதை இன்னாரிடம் காட்டினால் அவருக்கு உதவுமே என்று ஒரு பெயர் உங்கள் மனதில் வந்ததல்லவா? அறையில் யாரும் இல்லையென்றால் அந்தப் பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். என்ன, கதவைச் சாத்த எழுந்துவிட்டீர்களா?