ஒரு வாரத்துக்கு வலது கை

மூன்றாவது இட்லித் துண்டும் சிந்துவின் வலது கையிலிருந்து நழுவிச் சாம்பாரில் விழுந்தது. ரகுராம் சட்டையைத் துடைத்துக்கொண்டு, "பரவால்லடா கண்ணு, இன்னும் நாலு நாள் இருக்கு" என்றான்.

ஏழு வயது மகள் பிறவியிலேயே இடது கைக்காரி. அடுகோடியில் இருந்த அவர்கள் வீட்டில் அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. வினை ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் விளம்பரத்திலிருந்து வந்தது. குழந்தைகளின் மூளையில் இரு பாதிகளும் எப்படி இணைந்திருக்கின்றன என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்களாம். அந்தப் படத்தைப் பிள்ளைக்கே பரிசாகத் தருகிறார்களாம். ரகுராம் இதைப் படித்துக் காட்டியதும் சிந்துவின் கண்கள் விரிந்தன. மகள் ஆசைப்பட்டுவிட்டாள், அப்பன் பெயர் கொடுத்துவிட்டான்.

ஆபீஸ் நண்பன் சுதீர்தான் குண்டைத் தூக்கிப் போட்டான். இடது கைக்காரர்களுக்கு மூளை இணைப்பு கொஞ்சம் மாறியிருக்கலாம், முடிவு குழம்பும் என்று பல ஆய்வுகளில் அவர்களைச் சேர்ப்பதில்லையாம்.

சாஃப்ட்வேரைச் சோதிப்பது ரகுராமின் தொழில். மகளுக்கும் தினம் ஒத்திகை வைத்தான். யார் கேட்டாலும் வலது கைதான் என்று சொல்லிவைத்தான். பல் தேய்த்ததில் ஈறு வீங்கியது. பந்து எறிந்ததில் எதிர்வீட்டு ஜன்னல் போயிற்று. இடது கை முந்தாமலிருக்க உறை மாட்டி அனுப்பினால், குழந்தைக்கு என்ன அடி என்று பள்ளியிலிருந்து அவன் மனைவி லாவண்யாவுக்குப் போன் வந்தது. அன்றோடு அவள் அவனிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சிந்து மட்டும் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. இப்படியொரு பிள்ளை கிடைக்க என்ன புண்ணியம் செய்தேனோ என்று அவளை வாரி அணைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை, ஆராய்ச்சியாளர் நிருபமாவின் முன்னால் சிந்து வலது கையாலேயே வரைந்தாள், வெட்டினாள், எறிந்தாள். கொஞ்சமும் பிசகவில்லை.

"சாரி சார். வலது கைப் பிள்ளைங்க நிறைய வந்தாச்சு. இப்ப இடது கைப் பிள்ளைங்களைத்தான் தேடிட்டிருக்கோம்."

ரகுராம் உண்மையைக் கக்கினான். நிருபமா சிரித்தாள், இதைக் கேட்டதும் எல்லா அப்பாக்களும் அப்படித்தான் சொல்கிறார்களாம். மறுபடி பென்சிலைக் கொடுத்தாள். இடது கையால் வாங்கச் சொல்லி ரகுராம் கண்ணைக் காட்டினான். சிந்து அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு இன்னும் உறுதியாக வலது கையை நீட்டினாள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த எல்லம்மாதான் காப்பாற்றினாள். கொஞ்சம் முன்னால் வெளியே குழாயடியில் தண்ணீர் குடிக்க வந்தபோது பாப்பா எல்லாவற்றையும் இடது கையால்தான் செய்தது, போனில் பழைய வீடியோ இருந்தால் காட்டுங்கள் என்றாள். பதற்றத்தில் அது அவனுக்குத் தோன்றவேயில்லை. பிறந்தநாள் கேக்கைச் சிந்து இடது கையால் வெட்டுவதைப் பார்த்ததும் நிருபமா அவள் பெயரை ஆய்வில் சேர்த்து எழுதிக்கொண்டாள்.

ரகுராம் கண்கலங்கி எல்லம்மாவைக் கும்பிட்டான்.

"எனக்கெதுக்கு சார் நன்றி, பாப்பாவுக்குச் சொல்லுங்க. 'மெஷின்னாலே எனக்குப் பயம் ஆன்ட்டி, அப்பாதான் ரொம்ப ஆசைப்படறாரு'ன்னு குழாயடியில எங்கிட்ட அழுதுச்சு."