பறந்துபோன விமானத்துக்கு அனுமதி

உலகத்தில் அனுமதி கேட்பவர்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வருகிறார்கள். கொடுப்பவர்கள் மட்டும் குறைவதாகத் தெரியவில்லை. அவர்களிலும் ஒரு தனி ரகம் உண்டு; யாரும் கேட்காமலே கொடுக்கிற ரகம். மழை கொட்ட ஆரம்பித்த பிறகு சாவகாசமாக வாசலுக்கு வந்து, வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்து, "ம்... பெய்யட்டும்" என்பார். பக்கத்து வீட்டுச் சுவரில் பெயிண்டர் இரண்டாவது கோட்டும் அடித்து, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும் நேரத்தில், "சரி, இந்தக் கலரே இருக்கட்டும்" என்பார். பெய்த மழையும் போன பெயிண்டரும் அவரைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அதனால் என்ன? எல்லாம் அவர் சொல்லித்தான் நடந்தது.

இந்த இனம் எங்கும் காணக்கிடைக்கும். கலப்படமில்லாத அசல் சரக்கைப் பார்க்க வேண்டுமானால் மட்டும் ஒரு சின்னத் தீவுக்குப் போக வேண்டும். எவ்வளவு சின்னது என்கிறீர்களா? கொஞ்சம் பலமாகத் தும்மினால் எதிர்க்கரை மீனவர் முகத்தைத் துடைத்துக்கொள்வார். அந்தத் தீவில் ஒரு விமான நிலையம். ஓடுபாதைக்கு இந்த முனையிலும் கடல், அந்த முனையிலும் கடல். காலையில் ஒரு குட்டி விமானம் வரும். வந்ததே திரும்பிப் போகும். அன்றைய போக்குவரத்து அத்தோடு சரி.

அந்தப் போக்குவரத்தைக் கட்டி மேய்ப்பவர்தான் நம்மவர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் 'டவர்'. உண்மையில் டவர் என்று அங்கே எதுவும் கிடையாது. தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகையின் மேல் கண்ணாடி வைத்த ஓர் அறை, அதில் ஒரு மைக், ஒரு தூரக்கண்ணாடி, சுழலும் நாற்காலி ஒன்று. ஆனால் அந்த நாற்காலியில் அவர் உட்காரும்போது பார்க்க வேண்டும்! ஓடுபாதையோரக் கம்பத்தில் கட்டிய காற்றுப்பை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, அது சொல்வதில் சந்தேகம் வந்தவர்போல ஜன்னலுக்கு வெளியே ஈர விரலை நீட்டிப் பார்த்து, ஓடுபாதையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தூரக்கண்ணாடியால் பெருக்கி, தொண்டையைச் செருமி, மைக்கின் பொத்தானை அழுத்துவார்.

"காற்று தென்மேற்கு, வேகம் பத்து நாட். ஓடுபாதையில் ஒன்றுமில்லை. பக்கத்தில் வேறு விமானம் இல்லை."

அந்தக் கடலுக்கு மேல் வேறு விமானம் என்றைக்கு இருந்தது? இருந்தாலும் அதைச் சொல்லும்போது, ஆகாயத்தை அடைத்துக்கொண்டு நின்ற நாற்பது விமானங்களைச் சற்றுமுன்தான் கையசைத்து விரட்டிவிட்டு வந்தவர்போலக் குரலில் ஒரு களைப்பு தெரியும். விமானி அத்தனையையும் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். அது ஆகாயத்து விதி. நல்ல விதிதான், காதில் தப்பாக விழுந்தது உயிரை வாங்கிவிடக் கூடாது அல்லவா?

தொல்லை என்னவென்றால், அந்த விதியை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

"என்னங்க, நான் கடைக்குப் போயிட்டு வர்றேன்."

"எந்த வழியா?"

"இருக்கறதே ஒரு வழிதானே!"

"ம்... போகலாம். திருப்பிச் சொல்லு."

"போகலாம். ஐயோ கடவுளே!"

"கடவுளே வேண்டாம். நான் சொன்னதை மட்டும் சொன்னாப் போதும்."

காலையில் மனைவியும் மைத்துனனும் ஒரே சமயத்தில் குளியலறை வாசலுக்கு வந்துவிட்டால் முடிந்தது கதை. "அவ முதல்ல. நீ கூடத்துல ஒரு சுத்து சுத்திட்டு வா" என்பார். மைத்துனன்தான் விமான நிலையத்தின் தீயணைப்பு வீரன். பெட்டி தூக்குவதும், ஓடுபாதையில் ஆடு விரட்டுவதும் அவனே. தீப்பிடித்தால் அணைத்துவிடுவான், அத்தானை என்ன செய்வது? துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலிகளைச் சுற்றுவான்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆயுதம் ஒன்று அவரிடம் இருந்தது. ஸ்டாண்ட்பை. சரி என்றும் அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை. நானாகக் கூப்பிடும்வரை வாயை மூடிக்கொண்டு இரு என்று அர்த்தம். ஆகாயத்தில் அது அரை நிமிஷம். வீட்டில்? ஃபிரிட்ஜ் வாங்கலாமா என்ற கேள்வி இரண்டு கோடைக்காலம் ஸ்டாண்ட்பையில் கிடந்து, அதற்குள் அந்த மாடலே கடையிலிருந்து போய்விட்டது.

ஃபிரிட்ஜ் போனால் போகட்டும். இந்த முறை ஸ்டாண்ட்பையில் மாட்டிக்கொண்டது அவர் மனைவியின் படிப்பு.

அவள் தீவின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே பிரசவம் பார்க்கப் படித்தவர்கள் யாரும் கிடையாது. மாசமான பெண்களைப் பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். முன்பின் தெரியாத ஊரில், யாரோ ஒருவர் வீட்டுப் பின்னறையில், வலி எப்போது வரும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். அவர்களை ஏற்றிவிட்டு ஏற்றிவிட்டு அலுத்துப்போன நர்ஸம்மா, பேறுகாலப் பயிற்சிக்குத் தானே விண்ணப்பம் போட்டு, இடமும் வாங்கிவிட்டாள். ஒன்பது மாதப் பயிற்சி. வெள்ளிக்கிழமை போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இடம் வேறொருவருக்கு. அடுத்த தடவை என்றால் வயது வரம்பு தாண்டிவிடும். சாப்பாடு போடும்போது கேட்டாள், சட்டைக்குப் பட்டன் தைக்கும்போது கேட்டாள், சண்டை போட்டுவிட்டும் கேட்டாள். பதில் உங்களுக்கே தெரியும்.

புதன்கிழமை காதடைப்பு என்று விமானி ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"என்ன சிஸ்டர், நாளைக்கு நம்ம வண்டியில வர்றீங்களாமே?"

"எங்க வர்றது கேப்டன்? எங்க வீட்டுக்காரர் இன்னும் அனுமதி குடுக்கலையே. அவர் சொல்லாம உங்க பிளேனே நகராது, நான் எம்மாத்திரம்?"

கேப்டன் சிரித்த சிரிப்பில், காதுக்குள் அவள் பீய்ச்சிக்கொண்டிருந்த தண்ணீர் சுவரில் மாட்டியிருந்த காலண்டர்வரை போனது.

"யார் சொன்னது உங்களுக்கு? அனுமதி குடுக்கற அதிகாரமே அவருக்குக் கிடையாதே! அதெல்லாம் பெரிய ஏர்போர்ட்டுல. இங்க அவர் வேலை தகவல் சொல்றது. காத்து எப்படி, பாதையில ஆடு நிக்குதா, அவ்வளவுதான். கிளம்பறதும் கிளம்பாததும் என் இஷ்டம்."

"அப்ப எதுக்கு அவர் பேசி முடிக்கற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கறீங்க?"

"அவர் சொல்ற காத்து காத்துதான் சிஸ்டர். இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட அதுல பொய் இல்ல. அப்புறம், கடைசியில 'உங்கள் விருப்பம்'னு ஒண்ணு சொல்வார் பாருங்க, ஏதோ தன் சொத்தையே நம்ம பேருக்கு எழுதி வைக்கிற மாதிரி. அதைக் கேக்காமப் போக மனசு வரமாட்டேங்குது."

கல்யாணமான நாளிலிருந்து, ஆகாயத்தையே அடக்கி ஆளும் மனிதருக்குத் தான் ஒருத்தி அடங்கிப் போனால் என்ன என்று இருந்தவள் அவள். கையில் பீச்சாங்குழலோடு அப்படியே நின்றாள். கேப்டனின் இன்னொரு காது அன்றைக்குச் சுத்தம் செய்யப்படவேயில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள்.

"நாளைக்குக் காலையில நான் போறேங்க."

"ஸ்டாண்ட்..."

"காத்து எப்படி இருக்கும்னு மட்டும் சொல்லுங்க."

கூடத்தில் இருந்த மைத்துனன் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போய்விட்டான். டவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "யார் சொன்னா உனக்கு?" என்று கேட்டிருக்கலாம். கேட்டால், 'எதை?' என்பாள். எதை என்று அவர் எப்படிச் சொல்வது?

"தென்மேற்கு" என்றார் கடைசியில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "லேசாத்தான் இருக்கும்."

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் பெட்டி அடுக்கப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை விடிந்ததே அவருக்கு விரோதமாக. ஆகாயத்தில் மருந்துக்கு ஒரு மேகம் இல்லை. காற்றுப்பை தூங்கி வழிந்தது. ஓடுபாதையைப் பாட்டன் சொத்துபோல மேய்கிற ஆடுகளில் ஒன்றைக்கூடக் காணோம். அவையும் நர்ஸம்மா கட்சியில் சேர்ந்துவிட்டன. தூரக்கண்ணாடியில் அவள் தெரிந்தாள். பெட்டியைத் தம்பியிடம் கொடுத்தாள், படியேறினாள், கேப்டனின் முதுகுக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள். மேலே ஒரு தடவை பார்த்தாளா? பார்க்கவில்லை.

"டவர், கிளம்பத் தயார்."

"ஸ்டாண்ட்பை."

இந்த ஸ்டாண்ட்பை வழக்கத்தைவிட நீண்டது. டவர் எதையாவது தேடினார். ஆடு வேண்டாம், ஒரு நாயாவது? ஒரு நண்டாவது? ஓடுபாதையின் கோடியில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. அவருக்குப் போன உயிர் வந்தது.

"பாதைக் கடைசியில் பறவை. பெரிய பறவை."

மைத்துனனின் ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. வாக்கி டாக்கியில் மைத்துனன் குரல்: "அத்தான், பறவை இல்ல. பிளாஸ்டிக் பை."

"நல்லாப் பாரு. பக்கத்துல?"

"பக்கத்துல இன்னொரு பை. ரெண்டையும் எடுத்துட்டேன். வேற ஏதாவது பறவை வேணுமா அத்தான்?"

இனி என்ன இருக்கிறது? ஒன்று இருந்தது. 'தெற்கே புயல்மழை' என்று இரண்டே வார்த்தை. வானிலைச் செய்தி வருவது அவர் காதுக்கு மட்டும். யார் மாடியேறி வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? கேப்டன் நம்புவார், இத்தனை வருஷம் பொய் சொல்லாதவர் ஆயிற்றே! விமானம் நின்றுவிடும், வெள்ளிக்கிழமை போய்விடும், பெட்டி மறுபடி பரணுக்குப் போய்விடும். அவள் மறுபடி கேட்பாள். அவர் மறுபடி சொல்வார். எல்லாம் பழையபடி.

பொத்தானை அழுத்தினார். புயல் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"காற்று தென்மேற்கு, ஐந்து நாட்" என்றார். "ஓடுபாதையில் ஒன்றுமில்லை. பக்கத்தில் வேறு விமானம் இல்லை." ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உங்கள் விருப்பம்."

சொத்து எழுதிவைக்கிற தோரணை அதில் துளியும் இல்லை.

கேப்டன் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி, "எங்கள் விருப்பம்" என்று முடித்தார். மைக் பொத்தானிலிருந்து அவர் விரலை எடுப்பதற்குள், அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, தெள்ளத் தெளிவாக ஒரு பெண்குரல்:

"என்னங்க, மோட்டாரை நிறுத்தினீங்களா?"

டவர் தூரக்கண்ணாடியைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பினார். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து, சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிவந்து காட்டலாம் போல, ஓர் அருவி விழுந்துகொண்டிருந்தது.

"ஸ்டாண்ட்பை!" என்று அலறினார்.

விமானம் கேட்கவில்லை. ஓடியது, எழுந்தது, கடலைத் தாண்டியது, புள்ளியாயிற்று. புள்ளியும் மறைந்த பிறகு நம்மவர் எழுந்தார். பொத்தானை அழுத்தாமலே மைக்கை வாயருகில் கொண்டுபோனார்.

"ம்... கிளம்பலாம்."

திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களாக்கும்! பயிற்சி முடித்து மனைவி திரும்பி வந்து, அந்தத் தீவின் மண்ணிலேயே முதல் குழந்தை பிறந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரும் இருந்தார். உள்ளே குழந்தை வீல் என்று கத்தியது. தகப்பன்காரன் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருக்க, டவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மூடிய கதவைப் பார்த்து, "வரலாம்" என்றார்.

"வந்து அஞ்சு நிமிஷம் ஆச்சுங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். யாரோ ஒரு சித்தப்பாவோ, மேலதிகாரியோ, மாமனாரோ உங்கள் கண்முன் வந்து நிற்கிறார், இல்லையா? அவரை அப்படியே நிற்க வைத்துவிட்டு, ஒரு சின்னப் பரீட்சை எழுதிப் பாருங்கள். இன்றோ நாளையோ உங்கள் தெருவில் யாரோ ஒரு புதிய மனிதர் தன் காரைப் பின்பக்கமாக எடுப்பார். காரில் இரண்டு பக்கமும் கண்ணாடி இருக்கிறது. அது போதாதென்று கேமராவும் கத்திக்கொண்டிருக்கிறது. நீங்கள் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தே இருக்க வேண்டும். வாசலுக்குப் போகக் கூடாது. கையைத் தூக்கக் கூடாது. 'வரட்டும், வரட்டும், இன்னும் வரட்டும்' என்று மனசுக்குள்கூடச் சொல்லக் கூடாது.

அதோ, சத்தம் கேட்கிறது.

உட்காருங்கள். அவருக்கு ஓட்டத் தெரியும்.