பிளக் பாயிண்ட் பயணி

வெளிநாடு போகிறவர்களில் பல ரகம் உண்டு. விடுதி அறைக்குள் நுழைந்ததும் ஜன்னலைத் திறந்து கடல் தெரிகிறதா என்று பார்க்கிறவர் ஒரு ரகம். குழாயைத் திருகி வெந்நீர் வருகிறதா என்று பார்க்கிறவர் ஒரு ரகம். இவர்களை விட்டுவிடுங்கள், பாவம், சாதாரண மனிதர்கள். பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு, மண்டியிட்டு, கன்னத்தைத் தரைவிரிப்பில் ஒட்டவைத்து, கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் சுவரை உற்றுப் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார் பாருங்கள், அவர்தான் நம் ஆள். பிளக் பாயிண்ட் பயணி.

இவரை அடையாளம் காண்பது சுலபம். ஊரே அண்ணாந்து கோபுரத்தைப் பார்க்கும்போது இவர் மட்டும் குனிந்து அதன் அடிச்சுவரைப் பார்ப்பார். கழுத்தில் கேமரா தொங்கும். அந்தக் கேமராவுக்கு ஒன்றுக்கு நாலு பேட்டரி. நிறைந்ததற்குச் சிவப்பு ரப்பர் பாண்டு, நிறையாததற்குப் பச்சை. தட்டைக் கால், உருண்டைக் கால், மூன்று கால் என்று எந்த நாட்டுச் சுவருக்கும் பொருந்துகிற மாற்றுப் பிளக்குகள் ஒரு பை நிறைய இருக்கும். படம்தான் இராது.

எனக்குத் தெரிந்த பல் டாக்டர் ஒருவர் இந்த ரகத்தில் முதல் தரம். தொழில் பழக்கமோ என்னவோ, எந்தச் சுவரைக் கண்டாலும் தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணை இடுக்கி, ஓட்டை எங்கே என்றுதான் பார்ப்பார். சாப்பாட்டுக் கடையில் கழிவறையை ஒட்டிய மேசைதான் அவருக்குப் பிடித்த மேசை.

"இங்க நாறுதுங்க," என்பார் மனைவி.

"நாறினா என்ன? ரெண்டு பாயிண்ட் இருக்கு."

ஒரு அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்து ராஜாக்களின் வாள்களையெல்லாம் விட்டுவிட்டு, தரை மெழுகும் இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கித் தன்னுடையதைச் செருகினார். இயந்திரக்காரர் ஒயரைக் கையால் பற்றிக்கொண்டே, கிணற்றில் வாளி இழுப்பதுபோல இழுத்து இழுத்து, மூன்று கூடம் தாண்டி வந்து சேர்ந்தார். டாக்டர் அவரைப் பார்த்து, வலிக்காது என்று நோயாளியிடம் சொல்லும்போது சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தார்.

இத்தனை பாடும் எதற்கு? காரணம் இருந்தது. டாக்டர் மனைவியின் அக்கா, இவர்கள் சுற்றிப் பார்க்கப் போன அந்த நாட்டில் வேறொரு ஊரில் நர்ஸ். அக்காவும் தங்கையும் சேர்ந்து நிற்கிற படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், தங்கையின் கல்யாணத்தில் எடுத்தது. அதிலும் அக்கா முகம் தெரியாது. நடுவே ஒரு முழங்கை. மாப்பிள்ளை வேர்வை துடைக்கக் கையைத் தூக்கிய நேரம் பார்த்துக் கேமரா கண் சிமிட்டியிருக்கிறது. அந்த மாதமே அக்கா கப்பலேறிவிட்டார். அப்புறம் வாழ்நாளெல்லாம் டாக்டர் அந்த முழங்கைக்குப் பதில் சொல்லி வருகிறார். அந்த ஒரு படத்தை எடுத்துக் கணக்கைத் தீர்க்கத்தான் புதுக் கேமராவும் நாலு பேட்டரியும் இந்தப் பயணமும்.

"என்னங்க, இந்தப் பாலம் எவ்வளவு அழகா இருக்கு. ஒண்ணு எடுங்களேன்."

"பாலம் எங்க போயிடப் போகுது? உங்க அக்காவுக்குன்னு சார்ஜ் வச்சிருக்கேன்."

"அப்ப என் போனையாவது சார்ஜ் போடவிடுங்க."

விடுவாரா? அறையில் இருந்த துளைகள் அத்தனையும் டாக்டர் வசம். மனைவியின் கைபேசி நாடு விட்டுக் கிளம்பியதிலிருந்து சிவப்புக் கோட்டிலேயே குற்றுயிராகக் கிடந்தது.

அந்த விடுதியில் கதவுக்கு அட்டைதான் சாவி. அதை உள்ளே கதவோரம் இருக்கிற பிளவில் செருகினால்தான் அறைக்கு மின்சாரம். உருவினால் எல்லாம் அணைந்துவிடும். இது தெரியாமல் முதல் நாள் பேட்டரிகளை மாட்டி, அட்டையை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, 'நாம் சுற்றினாலும் அங்கே அது ஏறிக்கொண்டிருக்கிறது' என்ற நிம்மதியோடு ஊர் சுற்றிவிட்டு வந்தார். வந்து பார்த்தால் ஏறவே இல்லை. நேரே வரவேற்பு மேசைக்குப் போய், "உங்க ஊர் கரண்டுல சத்தே இல்ல," என்று தெரிந்த மொழிகளிலெல்லாம் சொன்னார். மேசையில் இருந்த பெண் பொறுமையாக அட்டையின் சூட்சுமத்தைச் சொன்னாள். கூடவே, அந்தப் பிளவுக்குச் சாவிதான் வேண்டும் என்றில்லை, அதே அளவில் எந்த அட்டை இருந்தாலும் போதும் என்றும் வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

சொல்லியிருக்க வேண்டாம்.

மறுநாள் அக்காவைப் பார்க்கப் போகும் நாள். அக்காவுக்கு மதியம் வரைதான் ஓய்வு, பிறகு வேலைக்குப் போயாக வேண்டும். காலையில் சிற்றுண்டிக்கு இறங்கும்போது டாக்டர் கைக்குக் கிடைத்த அட்டையைப் பிளவில் செருகிவிட்டு வந்தார். சாப்பிட்டு ஏறி, பேட்டரிகளைக் கழற்றி, நாலுக்கும் சிவப்பு ரப்பர் பாண்டு மாட்டி, ஒன்றைக் கேமராவில் போட்டுப் பெருமையோடு கிளம்பினார். செருகிய அட்டை செருகியபடியே இருந்தது.

ரயில் நிலையத் தடுப்பில் மனைவி கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினார். சீப்பு, மாத்திரை, அக்காவுக்காகத் தைத்த தலையணை உறை எல்லாம் விழுந்தன. ரயில் பாஸ் அட்டை மட்டும் விழவில்லை.

"காலையில மேசை மேலதாங்க வச்சேன்."

டாக்டருக்குக் கதவோரப் பிளவில் செருகிய அட்டை ஞாபகம் வந்தது. பல்லைப் பிடுங்கிய பிறகு அது பக்கத்துப் பல் என்று தெரிந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. "பேட்டரிக்காகத்தான்..." என்று ஆரம்பித்தார். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் டிக்கெட் கொடுக்கும் இடத்துக்கு ஓடினார். வரிசையில் நின்று வேறு டிக்கெட் வாங்குவதற்குள் ரயில் போய்விட்டது.

அடுத்த ரயிலில் போய் இறங்கியபோது, நடைமேடையில் அக்கா நர்ஸ் உடுப்போடு நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வேன் வெளியே காத்திருந்தது. தங்கை ஓடினார். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒரே நேரத்தில் அழுதார்கள், "எப்படி வெளுத்துட்டே", "நீ எப்படி இளைச்சுட்டே" என்று ஒருவரையொருவர் தடவிப் பார்த்தார்கள்.

"சீக்கிரம் எடுங்க, வண்டி போயிடும்," என்றார் அக்கா.

டாக்டர் கேமராவைத் தூக்கினார். திரையில் இரண்டு முகங்களும் பளிச்சென்று தெரிந்தன. குறுக்கே ஒரு முழங்கை இல்லை. விரல் பொத்தானில் இருந்தது. அப்போதுதான் மூலையில் இருந்த பேட்டரிப் படம் கண்ணில் பட்டது. மூன்று கோட்டில் ஒன்றைக் காணோம். வழியெல்லாம், நிறைந்திருக்கிறதா என்று போட்டுப் போட்டுப் பார்த்ததில் கரைந்த கோடு அது. மீதி இரண்டு கோட்டில் இன்னும் நூறு கல்யாணம் எடுக்கலாம். ஆனால் வாழ்நாள் கடனைக் குறைப் பேட்டரியில் தீர்ப்பதா?

"ஒரு நிமிஷம்," என்றார்.

குனிந்தார். கேமராவின் அடிமூடியைத் திறந்தார். புதுப் பேட்டரியின் ரப்பர் பாண்டு சிக்கிக்கொண்டது. பல்லால் கடித்து இழுத்தார். வெளியே ஹாரன் அடித்தது, மறுபடியும் அடித்தது. மூன்று கோடும் நிறைந்த கேமராவோடு அவர் நிமிர்ந்தபோது, திரையில் மனைவி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் கேமராவை இறக்கிவிட்டார். வந்த அழுகையை அடக்க அவருக்குத் தெரியவில்லை.

"சரி, வாங்க," என்று மனைவி தன் கைபேசியை நீட்டினார். அவர் குனிந்திருந்தபோது வழியில் போன யாரோ ஒரு பெண்ணிடம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம். அக்கா முகம், தங்கை முகம், இரண்டும் முழுசாக. நடுவே, சற்றுப் பின்னால், ரப்பர் பாண்டைக் கடிக்கிற ஒரு வழுக்கைத் தலை. "நல்லவேளை, இந்தத் தடவை கையைத் தூக்கல," என்றார் மனைவி. அதற்குள் கைபேசி அணைந்துவிட்டது.

இப்போது அந்தப் படம் டாக்டரின் மருத்துவமனைக் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. மாட்டியது மனைவி. கீழே ஒரு பிளக் பாயிண்ட்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். விருந்தாளி வரட்டும் என்று அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறீர்களே, அந்தப் பீங்கான் கோப்பைகள், அவற்றில் இதுவரை யார் காப்பி குடித்தார்கள்? நல்ல நாளுக்கென்று எடுத்துவைத்த அந்தச் சட்டை இப்போது உங்களுக்குப் பொருந்துமா? போகட்டும், உங்களைக் குறை சொல்ல எனக்கு என்ன வந்தது. கைபேசியில் இதைப் படிக்கிறவர்களிடம் மட்டும் ஒரு கேள்வி. நடுவில் ஒரு தடவை மேல் மூலையைப் பார்த்தீர்களே, எத்தனை சதவீதம் இருக்கிறது?