மேனேஜரைக் காணோம்

பஸ்ஸில் சத்தமில்லாமல் வருபவர்களுக்குப் பரிசு என்று ஒன்று இருந்தால், ஆம்பூர் – வேலூர் தடத்தில் அது எனக்குத்தான். ஒரே ஒரு காலையில் அந்தப் பெயரைக் கெடுத்துக்கொண்டேன்.

எனக்கு ஆட்டிசம். முப்பது வயதுக்குப் பிறகுதான் டாக்டர் சொன்னார். அதுவரை வீட்டில் அதற்குப் பெயர் 'அவ அப்படித்தான்'. (டாக்டர் சொன்னதில் எழுத்துகள் கம்மி, அவ்வளவுதான் வித்தியாசம்.) ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வரைகிறேன். மெஷின் சத்தம் பழகிவிட்டது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால்தான் காதுக்குள் ஆணி அடிக்கும். அப்படிப்பட்ட நாள்களில் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தால், எங்கள் பூனை மடியில் ஏறிப் படுக்கும். நல்ல கனம். அந்தக் கனத்தில் எனக்கு மூச்சு சீராகும்.

நான் தாமதமாக வந்தால் வாசலில் உட்கார்ந்து முறைக்கும் என்பதால் அண்ணன் அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்தான். பதவிக்கு மரியாதை வேண்டாமா? நான் 'அவர்' என்றே பேசிப் பழகிவிட்டேன். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஒருநாள் மேனேஜர் சாப்பிடவில்லை. மறுநாளும் தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் பெங்களூரு போயிருந்தான். அம்மாவுக்கு பஸ் ஏறினாலே வாந்தி. அண்ணன் துணையில்லாமல் நான் பஸ் ஏறியதே கிடையாது. ஆனாலும் அவரை ஒயர் கூடையில் வைத்து, துப்பட்டாவால் மூடிக் கட்டி, வேலூர் மாட்டு டாக்டரிடம் போகக் கிளம்பிவிட்டேன். "வேலூர் ஒண்ணு" என்ற வசனத்தைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்து, கண்டக்டரிடம் பிழையில்லாமல் ஒப்பித்தேன். அதற்குமேல் என்னிடம் வசனம் இல்லை.

மாதனூர் தாண்டியதும் மடியிலிருந்த கூடை கனமே இல்லாமல் இருந்தது. முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. கம்பெனிக்குப் போகும் பெண்கள் பஸ் முழுக்க நெருக்கியடித்து நின்றார்கள். எழுந்து கத்தினேன்:

"மேனேஜரக் காணோம்!"

பக்கத்தில் பர்தா போட்டிருந்த ஒரு அக்கா திரும்பினார். "இன்னாம்மா, எந்த மேனேஜர்?"

"எங்க மேனேஜர். இவ்ளோ நேரம் மடியிலதான் இருந்தாரு."

"மடியிலயா?"

"தெனமும் என் மடியிலதான் தூங்குவாரு. இப்ப உட்டுட்டுப் போய்ட்டாரு."

(கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொன்னேன். இன்றுவரை என் கட்சி இதுதான்.)

பஸ்ஸில் எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "எங்கயும் போகல, இதோ குந்தினு இருக்கான் பாரு, கழுத்துல கார்டு மாட்டினு!"

கம்பெனி அடையாள அட்டையோடு ஒருவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அட்டையில் மேனேஜர் என்று போட்டிருந்தது. இரண்டு பெண்கள் அவர் சட்டையைப் பிடித்தார்கள்.

"அய்யோ, நான் டெஸ்பாட்ச் மேனேஜர்க்கா!"

"எந்த மேனேஜரா இருந்தா இன்னா?"

"இந்தப் பொண்ணு யாருன்னே தெரியாது!"

"இப்ப அப்டித்தான் சொல்லுவ!"

'இவரில்லை' என்று சொல்ல வாயைத் திறந்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நடுவில் கண்டக்டரின் விசில். ஒரு சொல்லும் வரவில்லை. காதைப் பொத்திக்கொண்டு பஸ்ஸின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு அப்பாவி அடி வாங்கப்போகிறார், பூனையும் போய்விட்டது, இரண்டும் என்னால்.

அப்போது சீட்டுக்கு அடியிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக ஓர் உருவம் ஊர்ந்து வந்து, என் மடியில் ஏறிப் படுத்தது. பட்டினி கிடந்தும் அந்தக் கனம் குறையவில்லை. மூச்சு வந்தது. அதன் பின்னாலேயே பேச்சும் வந்தது.

"இவருதான் மேனேஜர்."

சட்டையைப் பிடித்த கைகள் மெதுவாக விட்டன. பஸ் குலுங்கிச் சிரித்தது. நான் மறுபடி காதைப் பொத்தினேன். பர்தா அக்கா குனிந்து, "சத்தம் ஜாஸ்தியா இருக்குதாம்மா?" என்றார். தலையாட்டினேன். "ஏய், கம்மியா சிரிங்கடி! பொண்ணுக்குப் பேஜாராகுது."

வேலூர் வரை எல்லோரும் கிசுகிசுப்பாகவே பேசிவந்தார்கள். கண்டக்டர் விசிலை விட்டுவிட்டு பஸ்ஸின் தகரத்தைத் தட்டினார். டெஸ்பாட்ச் மேனேஜரிடம் "சாரி சார்" என்றேன். அவர் கூடையை எடுத்துக் கொடுத்து, "பரவால்லமா. ஒங்க மேனேஜருக்கு ஒடம்புக்கு இன்னா?" என்று கேட்டார். அந்த நிலைமையில் அதைக் கேட்கப் பெரிய மனசு வேண்டும்.

வயிற்றில் முடி உருண்டையாம். மருந்தில் சரியாகிவிட்டது. அடுத்த முறை காட்டவும் நானே தனியாகத்தான் கூட்டிப்போனேன்.

சென்ற ஆண்டு அண்ணனுக்குக் கல்யாணமானது. அண்ணியும் ஷூ கம்பெனிக்காரர், பேரணாம்பட்டு. வந்த புதிதில், சாப்பிடும்போது எங்களைச் சிரிக்கவைக்க ஒரு கதை எடுத்தார்.

"எங்க கம்பெனி லைன்ல சொல்வாங்க அத்த. ஆம்பூர் பஸ்ல யாரோ ஒரு பொண்ணு பூனையத் தொலச்சிட்டுக் கத்தினதுல, பாவம், ஒரு மேனேஜருக்கு ரெண்டு பல்லு போச்சாம்!"

அண்ணனுக்குப் புரையேறியது. அம்மா தட்டையே பார்த்தார்.

"பல்லு இல்ல அண்ணி," என்றேன். "சட்ட பட்டன். ரெண்டு."

இப்போது வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும் அண்ணி அந்தக் கதையைச் சொல்கிறார். உண்மை தெரிந்தும் ஒவ்வொரு முறையும் பல் என்றே சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பிக் காத்திருக்கிறார். நான் திருத்துகிறேன். அப்படித்தான் நானும் பேச்சில் சேர்ந்துவிடுகிறேன்.