உன் அக்காவின் கத்திக்குப் பிடி போட்ட விவரம்

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதினால் இடது கையில் இருக்கும் மூன்று கட்டுகளும் சிரிக்கும். நீயாவது நலமாக இரு. ஐம்பத்தெட்டு வயதுக்காரியைச் சின்னவள் என்று கூப்பிடுவது தப்புதான், ஆனால் உன் அக்கா வைத்த பெயரை மாற்றும் அதிகாரம் எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

மூன்று கடிதம் எழுதி நீ கேட்டது ஒரே ஒரு பொருள், அவளுடைய நீலச் சால்வை. அவள் போய்ப் பதினொரு மாதம் ஆகிவிட்டது, கூடப் பிறந்தவளுக்கு அதுகூடக் கிடையாதா என்று நீ கேட்டது நியாயம். ஆனால் அனுப்ப வழியில்லை. சால்வை இப்போது கத்திப்பிடியாக இருக்கிறது. கோபப்படாமல் முழுவதும் படி. கோபப்பட வேண்டிய இடம் வந்தால் நானே சொல்கிறேன்.

அவளுடைய காய் வெட்டும் கத்தி உனக்குத் தெரியும். மரப்பிடி விரிசல் விட்டு ஆடிக்கொண்டிருந்தது. "பிடி ஆடுது, மாத்திக் குடுங்க" என்று இரண்டு வருடம் சொன்னாள். "பாக்கலாம்" என்று இரண்டு வருடம் சொன்னேன். அவள் நூலைச் சுற்றி ஓட்டினாள், அப்புறம் அவளே போய்விட்டாள். போன மாதம் அலமாரியைத் திறந்தபோது அந்த நூலைப் பார்த்தேன், அவ்வளவுதான், நேரே ஹார்டுவேர் கடைக்குப் போய் நின்றேன். துணியைத் துண்டு துண்டாக வெட்டி, ரெசின் என்கிற பிசினில் ஊறவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கி வைத்தால் மறுநாள் மரம் மாதிரி கெட்டியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்தார். "என்ன துணி சார்?" என்றார். "வீட்ல கெடக்குது" என்றேன். அவளுடைய தோட்ட வேலைச் சட்டை, சமையலறை ஏப்ரன், தலையணை உறை, நடுவில் உன் சால்வை.

கெட்டியானது உண்மைதான். அதற்கப்புறம் ஆரம்பித்தது என் கெட்ட காலம். டிரில்லில் ஓட்டை போட்டால் ஒரு பக்கத்து ஓட்டை மறுபக்கத்து ஓட்டையோடு பேச மாட்டேன் என்றது, எப்படியோ சமாதானம் செய்து ஒட்டி ஆணி அடித்து, பெல்ட் சாண்டர் என்கிற தேய்க்கும் மெஷினை ஓடவிட்டால் பிடிக்கு முன்னால் என் கட்டைவிரல் நகம் பாதி தேய்ந்தது, தேய்ந்த பெல்ட்டோடு அழுத்தியதில் ரெசின் கருகி வீடெல்லாம் நாற்றம், மாடி வீட்டு அம்மா காயப்போட்ட வெள்ளைத் துணி அத்தனையும் மண் நிறம், அவர் இறங்கி வந்து திட்டிய திட்டில் சாண்டரே ஒரு நிமிடம் நின்றுபோனது. கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், "நல்ல முகமூடியா வாங்கிக்கங்க சார், இந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராது" என்று. நான் ஏதோ பழந்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஒப்பேற்றினேன். இருமினால் இப்போது அவள் சட்டையின் நிறத்தில் வருகிறது. முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் உன் அக்கா என் நெஞ்சுக்குள் இவ்வளவு ஆழமாகப் போனதில்லை.

ஆறு நாள். விரல் பதியக் குழி, கட்டைவிரல் அமர ஒரு சரிவு, எல்லாம் என் கையில் பிடித்துப் பார்த்துப் பார்த்து, அவள் கை சின்னது என்று இன்னும் கொஞ்சம் கொஞ்சமாய் ராவி முடித்தேன். என் மகள் வந்து எடுத்துப் பார்த்தாள்.

"யார் கைக்குப்பா இது?"

"உங்கம்மா கைக்குத்தான்."

அவள் கத்தியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிப் பிடித்துப் பார்த்தாள். "அம்மா இடது கைலதானேப்பா வெட்டுவாங்க?"

முப்பத்தைந்து வருடம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். ஒட்டியதைப் பிரிக்க முடியாது, ராவியதை ஒட்ட முடியாது. அழுதேன் சின்னவளே, மறைக்க என்ன இருக்கிறது. நீயும் இடதுகைக்காரிதான், உனக்கும் இந்தக் கத்தி உதவாது.

உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு. அவர் எந்தக் கையால் சாப்பிடுகிறார் என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள். நீங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து நெடுநாள் சாப்பிட வேண்டும், அதுதான் என் ஆசி.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: கோபப்பட வேண்டிய இடம் இதுதான். சால்வையை நான் வெட்டவில்லை. மூன்று தடவை கத்தரிக்கோலை எடுத்தேன், மூன்று தடவையும் கீழே வைத்துவிட்டேன். பிடியில் நீலம் ஒரு நூல்கூட இல்லை. மூக்கில் கட்டிக்கொண்டேன் என்றேனே ஒரு பழந்துணி, அது அந்தச் சால்வைதான். தூசி உதறி, மடித்து, உன் விலாசம்கூட எழுதினேன். ராவும் வேலை முடிந்து ஒன்பது நாளாகிறது, வீட்டில் தூசியே இல்லை. காலையில் எழுந்ததும் இன்னும் அதை எடுத்து மூக்கில் கட்டிக்கொள்கிறேன்.