மெர்லிந்தா டீச்சரின் எழுபத்தொரு கிலோ

படிவத்தில் ஆளுக்கு நான்கே கட்டங்கள்தான். பெயர், வயது, எடை, நீச்சல் தெரியுமா. மெர்லிந்தா டீச்சர் முதல் இரண்டை நிரப்பினாள். மூன்றாவதைத் தாண்டிப் போய் நான்காவதில் ‘தெரியாது’ என்று தைரியமாக எழுதினாள். நீச்சல் தெரியாததில் அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை. நடுவில் விட்டுப்போன கட்டம்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவளுடைய எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. படிவத்தின் அடியில், நூறு கிலோவுக்கு மேற்பட்டவர்களைப் படகில் ஏற்ற முடியாது என்று போட்டிருந்தது. தண்ணீரில் விழுந்தவரை வழிகாட்டி ஒற்றை ஆளாகப் படகுக்குள் இழுத்துப் போட வேண்டுமாம், அதனால் அந்தக் கணக்கு. ஆக, சட்டப்படி அவளுக்கு ஒரு தடையும் கிடையாது. உள்ளதை எழுதிவிட்டுப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆனால் அந்தப் படிவத்தை ஆசிரியர் அறைப் பலகையில் குத்தி வைக்கப் போவதாகப் பிரின்சிபால் ஒபுலென்சியா சொல்லிவிட்டார். எதுவும் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்த ஊரிலோ, பார்த்தவுடன் சௌக்கியமா என்று யாரும் கேட்பதில்லை. “அடடே, பெருத்துட்டீங்களே” என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். சொல்கிறவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். மெர்லிந்தாவும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு மூன்றாம் நாள் சேர்த்துச் சாப்பிடுவாள்.

போகாமலே இருந்துவிடலாமே என்றால் அதுவும் முடியாது. ககாயான் ஆற்றங்கரையில்தான் அவள் வீடு. இருபத்திரண்டு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் கொடியில் துணி உலர்த்தும் நேரத்தில் ரப்பர் படகுகள் அவளைத் தாண்டிப் போகும். ஹெல்மெட் போட்டுத் தொப்பலாக நனைந்த ஆட்கள் கத்திக்கொண்டு போவார்கள். அவர்களில் ஒருத்தியாக ஒரே ஒரு தடவை கத்த வேண்டும் என்பது மட்டும்தான் அவள் ஆசை. இந்த ஆண்டு கப்பலில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் சேர்ந்து, ஆசிரியர் தினப் பரிசாகப் பதினெட்டு ஆசிரியர்களுக்கும் படகுப் பயணம் ஏற்பாடு செய்திருந்தார்கள். இதை விட்டால் இனிப் பென்ஷனுக்கு அப்புறம்தான்.

பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது பிரின்சிபால் வந்து தலையில் இடியை இறக்கினார். ஆளாளுக்கு மனம்போல எழுத வேண்டாம், பிள்ளைகளை நிறுக்கும் எடை மெஷின் மெர்லிந்தா மேடத்திடம்தானே இருக்கிறது, எல்லோரையும் அவரே நிறுத்து எழுதட்டும் என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பள்ளியில் மதியக் கஞ்சித் திட்டத்துக்குப் பொறுப்பு மெர்லிந்தாதான். மெலிந்த பிள்ளைகள் யார் யார் என்று பார்த்துப் பட்டியல் போட, பதினான்கு வருஷமாக அவர்களை மெஷினில் ஏற்றி இறக்குகிறவள் அவள். செருப்பைக் கழற்று, பையில் இருக்கும் கோலிக்குண்டை எடு, சுவரைப் பிடிக்காதே என்று அதட்டுவாள். “என்கிட்ட பொய் சொல்லலாம், மெஷின்கிட்ட சொல்ல முடியாதுடா” என்பது அவள் வாயில் எப்போதும் வரும் வசனம். அந்த வாய்தான் இப்போது சொன்னது:

“மெஷின் உடைஞ்சு போச்சு, மேடம்.”

பிரின்சிபால் உச்சுக்கொட்டிவிட்டு, சரி, அவரவரே மனசாட்சிப்படி எழுதுங்கள் என்றார். மெர்லிந்தா மனசாட்சியைக் கூப்பிட்டுப் பேசி எழுபத்தொன்றில் உடன்பாட்டுக்கு வந்தாள். எழுபது என்று முழுசாக எழுதினால் சந்தேகம் வரும் என்றுதான் அந்த ஒன்று.

அடுத்து எழுத வந்தவள் கணக்கு டீச்சர் சோலெடாட். மெர்லிந்தாவைவிட ஒரு பிடி கூடுதலான உடம்பு. எழுபத்தொன்றை ஒரு பார்வை பார்த்தாள், மெர்லிந்தாவை ஒரு பார்வை பார்த்தாள், அறுபத்தைந்து என்று எழுதினாள். அதன் பிறகு பேனா கை மாற மாற எடை இறங்கிக்கொண்டே போனது. சாயங்காலத்துக்குள் அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் எல்லோரும் கஞ்சித் திட்டத்தில் சேர்க்க வேண்டிய நிலைக்கு மெலிந்துவிட்டார்கள்.

உடற்பயிற்சி ஆசிரியர் கிரிஸ்புலோ பலகை முன்னால் நின்று கூட்டிப் பார்த்தார். பிறகு மெர்லிந்தாவிடம் வந்து, மெஷினைக் கொடுங்கள், ஸ்பிரிங்தான் போயிருக்கும், நான் சரி பண்ணித் தருகிறேன் என்றார். அவர் நல்ல மனுஷர், கை வேலை தெரிந்தவர். ஒரு நிமிஷத்தில் குட்டு உடைந்துவிடும். ரிப்பேருக்குக் கொடுத்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, மறுநாள் மத்தியான இடைவேளையில் மெஷினைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். தொட்டிலில் இருந்து பிள்ளையைத் திருடிக்கொண்டு வந்தவள் மாதிரி வாசல் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.

அந்த வாரமே மெலிந்த பிள்ளைகளின் பட்டியல் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஆள் வந்து கேட்டார். மெஷின் இல்லை. பிரின்சிபால் யோசிக்கவே இல்லை. சந்தையில் அரிசிக் கடை வைத்திருக்கும் மாங் தாசியோவிடம் சொல்லி, மூட்டை நிறுக்கும் பெரிய தராசை வரவழைத்துவிட்டார். சுவர்க் கடிகாரம் அளவுக்கு முகம், அதில் விரல் தடிமனுக்கு ஒரு முள். தெருவில் போகிறவனும் படிக்கலாம். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். நூற்று நாற்பது பேரை நிறுத்து முடித்ததும் பிரின்சிபால் கையைத் தட்டினார்.

“தராசு வந்ததே வந்துது, நாமளும் ஏறிடுவோம். மெர்லிந்தா மேடம், நீங்கதான் மொதல்ல.”

நூற்று நாற்பது பிள்ளைகளும் வட்டம் கட்டி நின்றார்கள். மெர்லிந்தாவுக்குக் காது மடல் சுட்டது. செருப்பைக் கழற்றச் சொல்லித் தானே மிரட்டிய முகங்கள் எல்லாம் எதிரே நின்று, அவள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் வாய் மறுபடியும் அவளைக் கேட்காமல் திறந்துகொண்டது. இந்தத் தராசு சரியில்லை, அரிசிக் கடைத் தராசு எந்தக் காலத்தில் சரியாக இருந்தது, எப்போதும் கூட்டித்தான் காட்டும் என்றாள்.

மாங் தாசியோ பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறவர். தராசைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சோலெடாட் மட்டும் நன்றி பொங்க மெர்லிந்தாவின் கையில் ஒரு வாழையிலைப் பொட்டலம் பிபிங்கா அப்பத்தைத் திணித்துவிட்டுப் போனாள். அதை வாங்கிக்கொண்டதுதான் மெர்லிந்தாவுக்கு எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் கஞ்சிக்கு வர வேண்டிய மாத அரிசி வரவில்லை. பதினோரு வருஷமாக மாதம் ஒரு மூட்டை இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்தவர் அதே மாங் தாசியோதான் என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இருந்த அரிசியில் தண்ணீரை ஊற்றி இரண்டு நாள் ஓட்டினாள். இரண்டாம் நாள், இரண்டாம் வகுப்பு ரெனெலின் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, “மேடம், கஞ்சிக்கும் எடை கொறஞ்சிடுச்சா?” என்று கேட்டாள். அந்தப் பிள்ளை கிண்டல் பண்ணவில்லை, சந்தேகம்தான் கேட்டது. மெர்லிந்தா அகப்பையை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் பின்னால் போய் அழுதாள்.

அன்றைக்கே சந்தைக்குப் போனாள். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கலாம். காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

“உங்க தராசு சரியாத்தான் இருக்கு, ஐயா. தப்பு என்மேலதான்.”

மாங் தாசியோ அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அரிசியை அனுப்பி வைத்தார். அவர் கேட்டிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கூசியிருக்காது.

பயணத்துக்கு முந்திய நாள் ஆசிரியர் அறையில் கிரிஸ்புலோ சாக்பீஸால் மூன்று படகுகள் வரைந்து விளக்கம் சொன்னார். ஒரு படகுக்கு ஆறு பேர், இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. எழுதிக் கொடுத்த எடையை வைத்துத்தான் யார் எங்கே உட்காருவது என்று முடிவு செய்வார்களாம். யாராவது ஒருத்தர் எடையை மறைத்திருந்தாலும் பாறைகளுக்கு நடுவே படகு அந்தப் பக்கமாகச் சாயும், சாய்ந்தால் எல்லோரும் தண்ணீரில்தான். சொல்லிவிட்டு அவர் யாரையும் பார்க்கவில்லை. மற்ற பதினேழு பேரும் கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மெர்லிந்தா அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள். மற்றவர்கள் எப்படியோ போகட்டும், தன் இருபத்தொரு கிலோவால் ஒருத்தரும் முழுகக் கூடாது. வழிகாட்டியிடம் தனியாக உண்மையைச் சொல்லிவிடுவாள். மெஷின் விஷயத்தை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. திரும்பும்போது ஜீப் பள்ளிக்குத்தானே வரும், இறங்குகிற சந்தடியில் அதை அலமாரியில் வைத்துவிட்டு, ரிப்பேராகி வந்துவிட்டது என்று திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம். ஜீப்பை ஓட்டப் போகிறவன் அவள் புருஷன் நெஸ்டோர்தான். அதனால் ஏற்றுவதில் சிரமம் இல்லை.

சனிக்கிழமை காலை. ஆறு நுரைத்துக்கொண்டு ஓடியது. வழிகாட்டி ரோமுலோ ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டையை மாட்டி வாரை இழுத்துக் கட்டினான். கொஞ்சம் தள்ளி ஒரு பெண் மேஜை போட்டுப் பட்டியலோடு உட்கார்ந்திருந்தாள். மெர்லிந்தா ரோமுலோவை மூங்கில் புதருக்குப் பின்னால் அழைத்துப்போனாள்.

“தம்பி, எழுபத்தொண்ணுன்னு எழுதியிருக்கேன். அது பொய். நான் தொண்ணூத்திரண்டு.”

அவன் சிரிக்கவில்லை. மரியாதையாகத் தலையை ஆட்டினான். அவளுக்கு மூன்று வாரப் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. ஆற்றுச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய தொண்டை அவனுடையது. அங்கிருந்தே மேஜைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

“மெர்லிந்தா மேடம், திருத்திக்கோ. நூத்திப் பதினேழு!”

பதினேழு ஹெல்மெட்டுகள் ஒன்றாகத் திரும்பின.

மெர்லிந்தாவுக்கு ஆறு தன்னை அப்படியே கொண்டுபோனால் தேவலை என்று இருந்தது. தொண்ணூத்திரண்டுன்னுதானே சொன்னேன் என்று குரல் எழும்பாமல் கேட்டாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம், எங்க வழக்கம் அது. டீச்சருங்க எழுதற எடையில எப்பவும் இருபத்தஞ்சு கூட்டிக்குவோம். எழுபத்தொண்ணு எழுதியிருந்தீங்க, தொண்ணூத்தாறுன்னு வெச்சு முன்வரிசையில எடம் போட்டிருந்தோம். இப்ப தொண்ணூத்திரண்டுங்கிறீங்க. நூறுக்கு மேல போயிடுச்சே, எப்படி ஏத்தறது?”

தான் சொன்னது நிஜம் என்று அவள் ஆனமட்டும் சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவன் வருத்தத்தோடு சொன்னான். போன வருஷம் ஒருவர் சத்தியம் பண்ணி ஏறினாராம், தண்ணீரில் விழுந்தவரைத் தூக்கப் போய் அவனுக்கு ஆறு வாரம் இடுப்பு நிமிரவில்லையாம். அறுபத்தைந்து எழுதிய சோலெடாட் ஏற்கெனவே படகில் ஏறித் துடுப்பைப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் மெர்லிந்தாவின் பக்கம் திரும்பவே இல்லை.

“ஒரு எடை மெஷின் மட்டும் இருந்தா போதும் மேடம். ஏறி நின்னு காட்டிட்டீங்கன்னா நான் கேள்வியே கேக்க மாட்டேன்” என்றான் ரோமுலோ.

பிரின்சிபால் உச்சுக்கொட்டினார். பள்ளி மெஷின் மட்டும் உடையாமல் இருந்திருந்தால் இந்த நேரத்துக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும் என்றார். கிரிஸ்புலோவும் ஆமாம் என்றார். மெர்லிந்தா ஆற்றைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாகத் தன் வீட்டைத் தாண்டிப் போன தண்ணீர் இங்கிருந்துதான் வருகிறது.

ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நெஸ்டோர், பெண்டாட்டிக்கு ஏதோ கஷ்டம் என்று மட்டும் புரிந்துகொண்டு, உதவி செய்கிற சந்தோஷத்தில் உரக்கச் சொன்னான்.

“எடை மெஷினா? உன் சீட்டுக்கு அடியிலதானே துண்டுல சுத்தி வெச்சிருக்கே. மூணு வாரமா டெய்லி நான் அதுலதான ஏறிப் பாக்கறேன், ஜம்முனு வேலை செய்யுது.”