நடந்தே வருவேன் என்று சொல்லிவிட்டேன்

பெஜாயா,
திங்கட்கிழமை காலை.

மதிப்பும் மரியாதையும் மிக்க மச்சான் பெலாயித் அவர்களுக்கு, துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ரிட்டயரான உங்கள் தங்கை புருஷன் மொக்ரான் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம் என்று எழுதினால் அது பொய். மூன்று வாரமாக முட்டையும் ரொட்டியும் தின்று வயிறு கெட்டுக் கிடக்கிறது. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும், கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் என் மனைவி ஸஹுவாவும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். இந்த மாதிரி விஷயத்தைப் போனில் பேசினால் பேசினதாகவே ஆகாது என்று நீங்கள் சொல்லிவிட்டதால், உங்கள் ஊர் பூலிமாத்துக்கு வரும் பஸ்ஸின் டிரைவர் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்ப இருக்கிறேன்.

ஸஹுவா அவள் பக்கத்தைச் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேளுங்கள். ரிட்டயரான இந்த மூன்று வருஷமாகச் சனிக்கிழமை தோறும் ஸகியா டீச்சரின் குழுவோடு கடலோர மலைகளில் நான் நடக்கப் போவது ஊருக்கே தெரியும். அன்றைக்கு அவள் சிநேகிதி மகளுக்கு மருதாணிச் சடங்கு, இரண்டு மணிக்குள் வந்துவிடுகிறேன் என்றுதான் கிளம்பினேன், ஆனால் கலங்கரை விளக்குக்குக் கீழே கடல் அன்று இருந்த நீலத்தைப் பார்த்தால் நீங்களும் உட்கார்ந்துதான் இருப்பீர்கள், ஆறு மணிக்குச் சேற்றுக் காலோடு சடங்கு வீட்டுக்குள் நுழைந்தேன், பெண்கள் அத்தனை பேரும் பாட்டை நிறுத்திவிட்டு என் முழங்காலையே பார்த்தார்கள், அரை டிராயர் போட்டிருந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மறுநாள் காலையில் அவள் பெட்டி கட்டிவிட்டாள். பஸ் ஸ்டாப் வரை அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான், அதையும் கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். "இனிமே அந்த மலையையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துங்க"ன்னு பஸ்ஸுல ஏறி உட்கார்ந்துக்கிட்டுச் சொன்னா. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "நீ பஸ்லயே போடி. உன்னைக் கூட்டிட்டு வர நான் நடந்தே வருவேன், மலை வழியா, வல்லாஹி" என்று இறைவன் மேல் ஆணையிட்டுச் சொல்லிவிட்டேன். பஸ் நிறைய ஜனம். அத்தனை பேரும் கேட்டார்கள். இனி அந்தச் சொல்லை நான் விழுங்கினால் துறைமுகப் பக்கம் தலைகாட்ட முடியாது.

மனைவியை அழைக்க வரும் புருஷன் தனியாக வரக் கூடாது, பெரிய மனிதர்களோடும் சீரோடும் வர வேண்டும், இல்லையென்றால் நீங்கள் கதவைத் திறக்க மாட்டீர்கள், திறந்தால் உங்களுக்குத்தான் கேவலம். எல்லாம் சரி. ஆனால் ஆறு மணி நேரம் மலை ஏறி இறங்குகிற பெரிய மனிதருக்கு நான் எங்கே போவேன்? தெருவில் எல்லாரும் பஸ் என்றால் வருகிறோம் என்றார்கள். சலூன் வைத்திருக்கும் ஹாஜி ஒமர் ஒருவர்தான், முப்பது வருஷமாக என் தலையைச் சிரைத்த பாவத்துக்கு, ஒப்புக்கொண்டார். மிச்சப் பெரிய மனிதர்களாக ஸகியா டீச்சரையும் ஒரு பல் டாக்டரையும் பச்சை முடி வைத்த இரண்டு காலேஜ் பெண்களையும் சேர்த்துக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை கணவாயிலேயே குரங்குகள் மறித்துக்கொண்டன. சர்க்கரை, காப்பித்தூள், அக்காவுக்கு வாங்கின சால்வை எல்லாம் இருந்த பையை ஒரு கிழட்டுக் குரங்கு ஹாஜி தோளிலிருந்து உருவிக்கொண்டு பாறைமேல் ஏறிவிட்டது. "யோவ் மொக்ரான், சும்மா நிக்காம அதுகிட்ட சொல்லுய்யா, இது சம்பந்தி வீட்டுச் சாமான்னு சொல்லு"ன்னு ஹாஜி கத்துறார். குரங்கு சர்க்கரையைத் தின்றது, காப்பித்தூளை முகர்ந்து பார்த்துக் கடலில் எறிந்தது, சால்வையை ஹாஜி எவ்வளவோ கெஞ்சியும் தரவில்லை. கையை வீசிக்கொண்டு மாமியார் வீட்டு வாசலில் வந்து நிற்க முடியுமா? திரும்பிவிட்டோம்.

இரண்டாம் சனிக்கிழமை எல்லாவற்றையும் இரண்டு மடங்கு வாங்கி என் வயிற்றில் கட்டிக்கொண்டேன், குரங்குகள் கிட்டவே வரவில்லை. ஆனால் அன்றைக்கு எம்மா குராயா தர்காவுக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். ஒற்றையடிப் பாதையில் பெண்கள் எதிரே வந்தால் ஆண்பிள்ளை ஒதுங்கித்தானே நிற்க வேண்டும், ஒதுங்கினோம், கடலைப் பார்த்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம், ஒரு கூட்டம் போனால் அடுத்தது, அது போனால் அடுத்தது, இரண்டு மணி நேரம் நானும் ஹாஜியும் பல் டாக்டரும் கப்பலை எண்ணிக்கொண்டு நின்றோம். போதாக்குறைக்கு ஒவ்வொரு கூட்டமும் நேர்ச்சைக் குஸ்குஸை எங்கள் கையில் வைத்துவிட்டுப் போயிற்று. நேர்ச்சைச் சோற்றை வேண்டாம் என்று சொல்லக் கூடாதே. நான்காவது தட்டு முடிந்ததும் ஹாஜி ஒரு பைன் மரத்தடியில் படுத்தார், எழுப்ப எழுப்ப எழுந்திருக்கவில்லை. "நீ போய்யா, உன் பொண்டாட்டிய எனக்கும் சேர்த்துக் கூப்பிட்டுக்கோ" என்று கண்ணைத் திறக்காமலே சொன்னார். தலைவரைக் காட்டில் போட்டுவிட்டு மற்றவர்கள் மட்டும் எப்படி வருவது? அன்றும் திரும்பினோம். வீட்டுக்குப் போய் விளக்கைப் போட்டேன். கேட்பாரில்லாத வீடு. மச்சான், உங்களிடம் சொல்ல என்ன வெட்கம், அழுதுவிட்டேன்.

மூன்றாவது, அதாவது முந்தாநாள். ஹாஜி முழங்கால் வலி என்று வீட்டிலேயே நின்றுகொண்டார், டீச்சர் தலைமையில் கிளம்பினோம். உச்சி தாண்டினதும் மூடுபனி. முன்னால் போகிறவரின் முதுகு தெரியவில்லை. ஆனாலும் விடாமல் நடந்தேன், இறங்கின ஓடைதான் வேறாகிவிட்டது, உங்கள் ஊரைத் தாண்டி அடுத்த ஊரில் இறங்கிவிட்டோம், பனியில் எல்லா வீடும் ஒன்றுபோலவே இருந்ததால் அது எங்களுக்குத் தெரியாது. வாசலிலேயே ஒரு பெரியவர், "வாங்க வாங்க, காலையிலேர்ந்து காத்திருக்கோம்" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். உங்கள் சித்தப்பாவாக இருக்கும், நீங்கள் வெளியே போயிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். நம் பக்கத்தில்தான் விருந்தாளி சாப்பிட்டு முடிக்கும்வரை வந்த காரியத்தைக் கேட்க மாட்டார்களே. சாப்பிட்டோம், ஆட்டுக்கறி அருமை. பிறகு டீச்சர் எழுந்து, சபையில் வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்வது மரியாதை இல்லை என்பதால் பெயரே சொல்லாமல், "எங்க ஆளு பண்ணினது தப்புதான், உங்க வீட்டுப் பொண்ணு இல்லாம அந்த வீட்டுல விளக்கே எரியல, பெரிய மனசு பண்ணி அனுப்பி வைங்க" என்று அழகாகப் பேசினார். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அனுப்பாம? அம்மாடி, பெட்டிய எடுத்துக்கிட்டு வா" என்றார்.

பெட்டியோடு வந்தது இருபத்தைந்து வயசுப் பெண். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா, யாரு இந்தக் கிழவர்?"

"மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்கம்மா. மாப்பிள்ளை வெளியில நிக்கிறாராக்கும்."

"நாந்தாங்க மாப்பிள்ளை" என்று நான் சொல்லித் தொலைத்தேன்.

அந்த நேரத்தில்தானா அவளுடைய நிஜப் புருஷன் நாலு பெரிய மனிதர்களோடு வாசலில் வந்து நிற்க வேண்டும்? பெண்டாட்டி கையில் பெட்டி, பக்கத்தில் நான். பையன் என் சட்டையைப் பிடித்துவிட்டான். பல் டாக்டர் நடுவில் புகுந்து ஒரு குத்து வாங்கினார், ஸகியா டீச்சர் கைத்தடியை ஓங்கினார். அந்தப் பெண்தான், "விடுய்யா அவரை, வயசானவர் மலையேறி வந்திருக்கார், நீ காரில வர்றதுக்கு ரெண்டு மாசம் ஆச்சா?" என்று ஒரு அதட்டுப் போட்டாள், அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான், அவளும் அழுதாள், சேர்ந்தே கிளம்பிப் போனார்கள். பெரியவர் என்னைக் கட்டிக்கொண்டு, நாங்கள் கொண்டுவந்த சர்க்கரையையும் சால்வையையும் வாங்கி வைத்துக்கொண்டார், திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தம் வேனிலேயே எங்களை ஊர் கொண்டுவந்து சேர்த்தார். சாலை உங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது. இறங்கிவிடலாமே என்றார் டீச்சர். நடந்து வருவேன் என்று சொன்னவன் வேனில் வந்து இறங்குவதா? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஆகக்கூடி, மச்சான், ஊரான் பெண்டாட்டியை ஊரானோடு சேர்த்துவைத்தேன், என் பெண்டாட்டி உங்கள் வீட்டிலேயே இருக்கிறாள்.

முடிவாக எழுதுகிறேன். வரும் சனிக்கிழமை வெயிலோ மழையோ, நான் தனியாக, வெறுங்கையோடு, நடந்து வருவேன். பெரிய மனிதர்களும் கிடையாது, சீரும் கிடையாது. கதவைத் திறக்காவிட்டால் வாசலில் உட்காருவேன், ஊர் சிரித்தாலும் எழுந்திருக்க மாட்டேன். அதுவே என் கடைசி நடை. அதற்குப் பிறகு செத்தாலும் மலைப்பக்கம் போக மாட்டேன் என்று ஸஹுவாவிடம் சொல்லுங்கள். மலை இல்லாமல் இருந்துவிடுவேன். அவள் இல்லாமல் முடியவில்லை.

அக்காவுக்கு என் சலாம், பிள்ளைகளுக்கு முத்தம், உங்கள் ஒலிவ மரங்கள் கிளை முறியக் காய்க்கட்டும், உங்கள் வாசலுக்கு எந்தக் குறையும் வராமல் இறைவன் காக்கட்டும்.

இப்படிக்கு,
நடந்தே தீர இருக்கும்
மொக்ரான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கதவு தட்டுகிறது. ஸஹுவா. கன்னமெல்லாம் வெயில் பட்டுச் சிவந்து, பாவாடையில் முள்ளோடு நிற்கிறாள். விடியற்காலையில் உங்களிடம்கூடச் சொல்லாமல் மலைப்பாதை வழியாக ஒற்றை ஆளாக நடந்து வந்திருக்கிறாள், நாலரை மணி நேரமாம். தேடாதீர்கள். "மலை பக்கமே இனிமே போகமாட்டேன், இதோ மச்சானுக்கே எழுதிட்டேன்" என்று இந்தக் கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே கடைசிவரை படித்தாள். "உங்களை யாரு போக வேண்டாம்னு சொன்னா? மூணு வருஷம், சனிக்கிழமை சனிக்கிழமை கதவைச் சாத்திட்டுப் போனீங்களே, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'நீயும் வாடி'ன்னு கேட்டீங்களா?" என்றாள். நான் கேட்டதில்லை, மச்சான்.